ஏக்க நிவாரணப் பிரிவு

புதிதாகச் சேரும் மாணவி ஒவ்வொருத்தியும் முதல் இருபத்தோரு நாளுக்குள் வீட்டை நினைத்து ஏங்கியாக வேண்டும் என்பது அந்த மகளிர் விடுதியின் விதி. எப்படி ஏங்குவது, எத்தனை முறை, எந்த இடத்தில் என்பதெல்லாம் விதிப்புத்தகத்தில் ஒன்பதாம் பக்கத்திலிருந்து பதினான்காம் பக்கம் வரை சந்தேகத்துக்கு இடமில்லாமல் சொல்லியிருந்தார்கள். சாப்பாட்டுக் கூடத்தில் அழக் கூடாது, வரிசை தேங்கிவிடுகிறது. மாடிப்படியில் அழலாம், ஆனால் இடது ஓரமாக.

விதி வந்த கதையையும் சொல்லிவிட வேண்டும். கல்லூரி முதல்வருக்கு வருடத்துக்கு ஒரு மாநாட்டுக்குப் போய் வருகிற பழக்கம் உண்டு. அவர் போய் வந்தால் விடுதிக்கு ஏதாவது ஒன்று வந்து சேரும். இரண்டு வருடம் முன்னால் ஜன்னலுக்கு ஒரு செடி என்று வந்தது. வாரா வாரம் செடியின் உயரத்தை அளந்து காட்டாதவளுக்கு நூலகத்தில் புத்தகம் கிடையாது. போன வருடம் காலைச் சிரிப்பு வந்தது. பல் தேய்த்த கையோடு இருநூறு பேரும் வராந்தாவில் நின்று பத்து நிமிடம் சிரித்தார்கள். சிரிப்பு வராதவர்கள் டாக்டரிடம் சான்றிதழ் வாங்கி வந்தார்கள். இந்த வருடத்து மாநாட்டில், வீட்டை நினைத்து ஏங்கி மீண்டவர்கள்தான் வாழ்க்கையில் முன்னுக்கு வருகிறார்கள் என்று யாரோ திரையில் படம் போட்டு விளக்கினார்களாம். முதல்வர் திரும்பி வந்த வாரமே ஏக்க நிவாரணப் பிரிவு தொடங்கப்பட்டது. செடி அதிகாரியாக இருந்து சிரிப்பு அதிகாரியான அதே அம்மையார் இப்போது ஏக்க நிவாரண அதிகாரி ஆனார். அறைவாசல் பலகையில் மூன்றாவது தடவையாக வண்ணம் பூசப்பட்டது. காய்ந்த பூந்தொட்டிகள் மட்டும் உள்ளறையிலேயே கிடந்தன, அவற்றை அகற்றுவதற்கு இன்னும் ஒரு பிரிவு தொடங்கப்படவில்லை.

இப்படிப்பட்ட நேரத்தில்தான் மூணாவது அந்த விடுதிக்கு வந்து சேர்ந்தாள்.

வீட்டில் அவளுக்கு அதுதான் பெயர். இரண்டு அக்காமார், அவள், கீழே மூன்று தம்பிகள், அம்மா, அப்பா, சித்தப்பா என்று ஒன்பது பேர். அறை இரண்டு. யார் எங்கே படுப்பது என்று பங்கு பிரித்ததில் அவளுக்கு மிஞ்சியது அறைக்கும் சமையலறைக்கும் நடுவே இருந்த வாசல். குறுக்கே படுத்துக்கொள்வாள். தண்ணீர் குடிக்கப் போகிறவர்கள் தாண்டிப் போவார்கள், குடித்துவிட்டுத் தாண்டி வருவார்கள். தம்பிகள் சில சமயம் தாண்டாமலே வருவார்கள். அம்மா வீட்டில் தையல் மிஷின் போட்டுப் பள்ளிக்கூடச் சீருடைகள் தைத்துக் கொடுப்பவள். அந்த மிஷின் சத்தத்தில்தான் மூணாவது தூங்கினாள், அதே சத்தத்தில்தான் எழுந்தாள்.

விடுதியில் அவளுக்கு முப்பத்தோராம் அறை. மாடியில் மூன்றாவது ஜன்னல். இரண்டு இரும்புக் கட்டில்கள், அதில் ஒன்று அவளுக்கே அவளுக்கு. முதல் நாள் அவள் படுத்துக் கையை நீட்டினாள், யார் மூக்கிலும் இடிக்கவில்லை. காலை நீட்டினாள், யாரும் திட்டவில்லை. ஒன்பது மணி நேரம் ஒரே தூக்கம். விழித்தபோது இப்படியும் ஒரு வாழ்க்கை இருக்கிறதா என்று சந்தோஷத்தில் சிரித்தாள். காலைச் சிரிப்பு போன வருடத்தோடு ரத்தாகிவிட்டதால் அது எந்தக் கணக்கிலும் சேரவில்லை.

நான்காம் நாள் ஏக்கப் படிவம் வந்தது. 'தங்கள் ஏக்கம்' என்ற தலைப்பின் கீழ் மூன்று கட்டங்கள் இருந்தன. மிதமானது, கடுமையானது, மிகக் கடுமையானது. மூணாவது பேனாவைக் கடித்துக்கொண்டு யோசித்துவிட்டு, ஓரத்தில் நான்காவதாக ஒரு கட்டம் வரைந்தாள். அதற்கு நேராக 'இல்லை' என்று எழுதி ஒரு டிக்கும் போட்டாள்.

கவுன்டரில் இருந்த எழுத்தர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

"ஏம்மா, நாங்க மூணு கட்டம்தானே அடிச்சிருக்கோம். நாலாவது எங்கேருந்து வந்துச்சு?"

"எனக்கு ஏக்கம் இல்ல சார். அதான் நானே போட்டேன்."

"இல்லாதத எழுதறதுக்குப் படிவம் எதுக்கு? இருக்கறத எழுது."

இருப்பதாகவே எழுதிவிடலாம். ஆனால் அடியில் ஓர் உறுதிமொழி இருந்தது. 'மேற்கண்ட ஏக்கம் உண்மையானது. பொய்யெனத் தெரியவந்தால் அறையை உடனடியாகக் காலி செய்யச் சம்மதிக்கிறேன்.' எழுதாமல் விடவும் முடியாது. படிவம் ஏற்கப்படும் வரை அறை தற்காலிக ஒதுக்கீடுதான், இருபத்தோராம் நாள் தானாக ரத்தாகிவிடும். அறை போனால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும். வீட்டிலிருந்து கல்லூரிக்கு இரண்டு பஸ் மாறி மூன்று மணி நேரம். பெரிய அக்கா அப்படிப் போய் வந்துதான் முதல் பருவத்திலேயே படிப்பை விட்டாள். சின்ன அக்கா அதைப் பார்த்துவிட்டுச் சேரவே இல்லை. இப்போது இரண்டு பேரும் அம்மாவுக்குப் பொத்தான் தைத்துக் கொடுக்கிறார்கள். ஆக, அந்தக் கட்டில் இருந்தால் படிப்பு, கட்டில் போனால் பொத்தான்.

அறைத்தோழியிடம் யோசனை கேட்டாள். இரண்டாம் வருடத்துக்காரி. பழைய மாணவிகளுக்கும் முன்தேதியிட்டு ஏக்கம் அமல்படுத்தப்பட்டிருந்ததால் அவளும் படிவம் கொடுத்திருந்தாள்.

"கடுமையானதுல டிக் போட்டுட்டு வந்து படு. நான் அதான் போட்டேன்," என்றாள்.

"பொய்னு கண்டுபிடிச்சுட்டா என்னக்கா பண்றது?"

"என்னோடது பொய் இல்லடி. எங்க வீட்டுல நாய் இருக்கு." சொல்லிவிட்டு, அழுவதற்காக எழுந்து மாடிப்படிக்குப் போய் இடது ஓரமாக உட்கார்ந்தாள். மூணாவதுக்குப் பொறாமையாக இருந்தது.

மறுநாளே அதிகாரி கூப்பிட்டு அனுப்பினார். மேசை மேல் அவள் பேரில் ஒரு கோப்பு திறந்திருந்தது. சேர்ந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை, கோப்பு விரல் கனம் இருந்தது.

"விடுதியில மொத்தம் இருநூத்திப் பன்னெண்டு பேர். இருநூத்திப் பதினோரு பேர் ஏங்கறாங்க. என் அறிக்கையில தொண்ணூத்தொம்பது புள்ளி அஞ்சுன்னு வருது," என்றார் அதிகாரி. "அந்த அரை சதவீதம் நீதான்."

"மன்னிச்சிருங்க மேடம்."

"மன்னிக்கிற அதிகாரம் எனக்கு இல்ல. நிவாரணம் குடுக்கத்தான் அதிகாரம். உனக்கு ஏக்கமே இல்லன்னா நான் எதுக்கு நிவாரணம் குடுக்கறது?"

கேள்வி நியாயமாகத்தான் பட்டது. அதிகாரி கெட்டவர் இல்லை. அந்தப் பெண்ணை எப்படியாவது ஏங்க வைத்துக் காப்பாற்றிவிட வேண்டும் என்று உண்மையாகவே பாடுபட்டார். முதலில், வேளைக்குக் கால் மணி நேரம், சாப்பாட்டுக்குப் பின், வீட்டை நினைக்கும்படி எழுதிக் கொடுத்தார். மூணாவது கட்டிலில் சாய்ந்து, கண்ணை மூடி, வீட்டை நினைக்கத் தொடங்குவாள். ஐந்தாவது நிமிடம் குறட்டை வந்துவிடும். அடுத்ததாக, குடும்பப் படத்தைத் தருவித்துக் கட்டிலுக்கு எதிரே மாட்டினார்கள். படத்தில் இடம் போதாமல் அவளுடைய ஒரு காதும் ஒரு தோளும் மட்டும் விழுந்திருந்தன. மூன்றாவதாக, அதிகாரி வீட்டுக்குப் போன் போட்டு அங்கே கேட்கிற சத்தத்தை அப்படியே பதிவு செய்து வந்து போட்டுக் காட்டினார். தையல் மிஷின் ஓடியது, தம்பிகள் அடித்துக்கொண்டார்கள், சித்தப்பா இருமினார். மூணாவது சட்டென்று எழுந்து கால்களை மடக்கிக்கொண்டாள். 'காலை மடக்கினார். அழவில்லை' என்று அதிகாரி குறித்துக்கொண்டார். தூரத்தில் ஏதோ ஒரு தெருநாய் குரைத்ததும் பதிவாகியிருந்ததால் அறைத்தோழிதான் அழுதாள்.

நாட்கள் ஓடின. பதினான்காம் நாள் அதிகாரி கடைசி நடவடிக்கையை எடுத்தார். அதன் பெயர் விடைபெறல் சோதனை. 'தங்கள் மகளின் ஏக்கமின்மை தொடர்பாகத் தாங்கள் நேரில் வந்து, உரிய முறையில் விடைபெற்றுச் செல்லுமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறீர்கள்' என்று அம்மாவுக்குக் கடிதம் போனது. அம்மா அதைச் சித்தப்பாவை விட்டு மூன்று தரம் வாசிக்கச் சொன்னாள். மூன்று தரமும் ஒன்றும் புரியவில்லை. பெண் ஏதோ செய்துவிட்டாள் என்று மட்டும் முடிவு செய்துகொண்டு இரண்டு பஸ் மாறிப் புதன்கிழமை வந்து சேர்ந்தாள். வெளியே போகப் போடுகிற ஒரே நல்ல உடுப்பில் வந்திருந்தாள். தோளில் நீல நூல் ஒட்டிக்கொண்டிருந்தது.

"என்னடி பண்ணித் தொலைச்சே?" என்று வாசலிலேயே குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"நல்லாத் தூங்கினேன்மா. அதான்."

"தூங்கினதுக்கா லெட்டர் போடுவாங்க?"

நிகழ்ச்சி நிரல் தயாராக இருந்தது. பதினொன்றிலிருந்து பன்னிரண்டு வரை அறையில் உரையாடல். பன்னிரண்டு மணிக்குத் தாய் வாயிலுக்குச் செல்லல். பன்னிரண்டு ஐந்துக்குத் திரும்பிப் பார்த்தல். பன்னிரண்டு ஆறுக்கு மகள் அழுதல். அதிகாரியும் எழுத்தரும் படிவத்தோடு வாயிலில் போய் நின்றுகொண்டார்கள்.

அம்மா முப்பத்தோராம் அறைக்குள் வந்து கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தாள். மெத்தையைக் கையால் அமுக்கிப் பார்த்தாள்.

"இது யாருக்கு?"

"எனக்கும்மா."

"கூட யார் படுத்துக்கறா?"

"யாரும் இல்ல. நான் மட்டும்தான்."

அம்மா மெத்தையை இன்னொரு தடவை அமுக்கிப் பார்த்தாள். பிறகு, பஸ்ஸில் உட்கார்ந்து வந்தது கால் மரத்துவிட்டது, ஒரே ஒரு நிமிடம் நீட்டிக்கொள்கிறேன் என்றாள். நீட்டினாள். அவ்வளவுதான்.

மூணாவது பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மா தூங்கி அவள் பார்த்ததே இல்லை. தூங்கப் போகும்போது மிஷின் ஓடிக்கொண்டிருக்கும், எழும்போதும் ஓடிக்கொண்டிருக்கும், நடுவில் அம்மா எங்கே படுத்தாள் என்று அவள் ஒரு நாளும் கேட்டதில்லை. ஒன்பது பேருக்கு இடம் பிரித்தபோது அம்மாவுக்கு எந்த மூலை வந்தது என்று இப்போது யோசித்தும் அவளுக்கு ஞாபகம் வரவில்லை. அம்மா தூங்கும்போது வாயை லேசாகத் திறந்துகொள்வாள் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

பன்னிரண்டே காலுக்கு அதிகாரி மாடியேறி வந்தார். மூணாவது உதட்டில் விரலை வைத்தாள். அதிகாரி எட்டிப் பார்த்தார். விதிப்புத்தகத்தைப் புரட்டினார். பெற்றோரை எழுப்புவதற்கு அதில் இடமில்லை, பெற்றோரின் எழுத்துபூர்வமான சம்மதம் இருந்தால் ஒழிய. சம்மதம் கேட்க எழுப்ப வேண்டும். அவர் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு இறங்கிப் போனார்.

அம்மா ஐந்து மணிக்கு எழுந்தாள். ஐயோ, மூணு டஜன் காலர் பாக்கி இருக்கே என்று அலறியடித்துக்கொண்டு வாயிலுக்கு ஓடினாள். அங்கே நின்று, நிரல் சொல்லாமலே, திரும்பிப் பார்த்தாள். மகளை இல்லை. மாடியை, மூன்றாவது ஜன்னலை. பார்க்கப் பார்க்க அவள் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. அதைக் கண்டதும் மூணாவதுக்கு நெஞ்சு பொறுக்கவில்லை. பதினெட்டு நாளாக நான் மட்டும் கையைக் காலை நீட்டிப் படுத்திருந்தேனே என்று நினைத்து விக்கி விக்கி அழுதாள்.

எழுத்தர் பரபரப்பாகப் பேனாவைத் திறந்தார். "வீட்டை நினைச்சுன்னு போட்டுக்கவாம்மா?"

"அம்மாவ நினைச்சு சார்."

"அம்மா இப்ப எங்க போறாங்க?"

"வீட்டுக்கு."

"அப்ப வீடுதான்," என்று எழுதிக்கொண்டார். மிகக் கடுமையானது. முப்பத்தோராம் அறை உறுதி செய்யப்பட்டது. விடுதி நூறு சதவீதத்தைத் தொட்டது. அதிகாரி அன்று ஊழியர் எல்லோருக்கும் நன்றி தெரிவித்து ஒரு சுற்றறிக்கை விட்டார்.

கதை இதோடு முடிந்திருக்க வேண்டியது. ஆனால் விதிப்புத்தகத்தின் பதினோராம் பக்கத்தில், 'விடுதி வாயிலில் அழும் எவரும்' படிவம் நிரப்ப வேண்டும் என்று இருந்தது. எவரும் என்றால் எவரும்தான். எழுத்தர் பஸ் நிறுத்தம் வரை ஓடிப்போய் அம்மாவிடம் ஒரு படிவத்தை நீட்டினார். 'எதை நினைத்து ஏங்குகிறீர்கள்' என்ற இடத்தில் அம்மா யோசிக்காமல், 'மாடி, மூணாவது ஜன்னல், கட்டில்' என்று சொல்லி எழுத வைத்துக் கையெழுத்துப் போட்டாள். ஏங்குபவரை ஏங்கும் இடத்துக்கு வாரம் ஒரு முறை, ஆறு மணி நேரத்துக்குக் குறையாமல், அழைத்து வந்து நிவாரணம் தர வேண்டும் என்பது பன்னிரண்டாம் பக்கம். ஆகவே அம்மாவுக்குப் புதன்கிழமை தோறும் பதினொன்றிலிருந்து ஐந்து வரை முப்பத்தோராம் அறைக் கட்டிலில் நிவாரணம் அனுமதிக்கப்பட்டது.

அடுத்த புதன், இது என்ன கூத்து என்று பார்க்க அறைத்தோழியின் அம்மா வந்தாள். நாயைக் கூட்டி வரவில்லை என்று மகளுக்குக் கோபம். தாய் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. எதிர்க் கட்டிலில் சும்மா உட்கார்ந்து பார்த்தவள் ஐந்து மணிக்கு எழுந்து, வாயிலில் போய் முறைப்படி அழுதாள். செய்தி பரவ எத்தனை நாள் ஆகும்? இரண்டு மாதத்தில் இருநூற்றுப் பன்னிரண்டு அம்மாக்களுக்கும் கோப்பு திறந்தாகிவிட்டது. சிலர் நேரத்தை வீணாக்காமல், வரும்போதே வாயிலில் அழுதுவிட்டு மாடியேறினார்கள்.

புதன்கிழமையில் விடுதி அடங்கிக் கிடக்கும். உள்ளே அம்மாக்கள், வெளியே வராந்தாவில் காலை மடக்கிக்கொண்டு மகள்கள். தண்ணீர் பிடிக்கப் போகிறவர்கள் ஒருவரையொருவர் தாண்டிப் போனார்கள். மற்றவர்களுக்கு இது புதிது, முனகினார்கள். மூணாவதுக்கு எந்தச் சிரமமும் இல்லை. புத்தகத்தை எடுத்துக்கொண்டு முப்பத்தோராம் அறை வாசலில் குறுக்கே படுத்துக்கொண்டாள்.

காலாண்டு அறிக்கையில் ஒரு விஷயம் தெரியவந்தது. நிவாரணம் தரத் தர அம்மாக்களின் ஏக்கம் குறையவில்லை, வாரா வாரம் கூடுகிறது. ஏக்கம் கூடினால் நிவாரணத்தையும் கூட்ட வேண்டியதுதானே? சனிக்கிழமையும் சேர்க்கப்பட்டது. முதல்வர் அடுத்த மாநாட்டில் இதைத் திரையில் படம் போட்டு விளக்கி ஒரு கேடயத்தோடு திரும்பினார். பிறகு வெளியூர்ப் பெரியம்மாக்களும் அத்தைமார்களும் வாயிலில் அழத் தொடங்கினார்கள். கட்டில் போதவில்லை.

வருடக் கடைசியில் சுற்றறிக்கை வந்தது. எல்லா மாணவிகளும் அதிகாரியின் முத்திரையோடு புதிதாகப் படிவம் தர வேண்டும், தராதவர்களும் ஏக்கம் இல்லாதவர்களும் ஏங்குபவர்களுக்கு இடம் விட்டு அறையைக் காலி செய்ய வேண்டும், கடைசி நாள் புதன்கிழமை, கவுன்டர் மூடும் வரை. படிவத்தில் இப்போது நான்கு கட்டங்கள் அச்சாகியிருந்தன. "எல்லாம் உன் உபயம்தான்," என்று எழுத்தர் நான்காவதைக் காட்டினார்.

தேர்வு முடிவு வந்து, வகுப்பில் முதலாவதாக வந்திருந்தாள் மூணாவது. இந்தத் தடவை அவள் பேனாவைக் கடிக்கவில்லை. மிகக் கடுமையானது என்பதில் டிக் போட்டு அதிகாரியின் முத்திரைக்காகக் கொண்டுபோனாள். மணி நான்கு.

"நீயா?" என்று அதிகாரி நிமிர்ந்தார். "உனக்கு எதை நினைச்சு ஏக்கம்?"

"என் கட்டில நினைச்சு மேடம்."

"அது எங்க இருக்கு?"

"மேல முப்பத்தொண்ணுல. அம்மா தூங்கறாங்க."

கொஞ்சம் சத்தமாகச் சொல்லிவிட்டாள் போலிருக்கிறது. அதிகாரி உதட்டில் விரலை வைத்து உள்ளறையைக் காட்டினார். காய்ந்த பூந்தொட்டிகளுக்கு நடுவே ஒரு கட்டில் போட்டிருந்தது. அதில் ஒரு வயதான அம்மாள் வாயை லேசாகத் திறந்துகொண்டு தூங்கிக்கொண்டிருந்தார்.

"எங்க அம்மா," என்றார் அதிகாரி. "காலையில கேட்ல நின்னு அழுதாங்க. எல்லாம் விதிப்படிதான்."

அந்த முத்திரை பழங்காலத்து இரும்பு, குத்தினால் கட்டடம் அதிரும். அதிகாரி கைக்குட்டையை மடித்துப் படிவத்தின் மேல் வைத்து, சத்தம் வராமல் மெல்ல அமுக்கினார். மூணாவது கவுன்டருக்கு ஓடினாள். எழுத்தர் படிவத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"முத்திரையே விழலையேம்மா. மை எல்லாம் எங்க போச்சு? மறுபடி வாங்கிட்டு வா. நாலரைக்கு மூடிடுவேன்."

திரும்பி ஓடினாள். அதிகாரி படிவத்தைப் பார்த்தார், முத்திரையைப் பார்த்தார், உள்ளறையைப் பார்த்தார். துணி இல்லாமல் குத்தினால் அம்மா எழுந்துவிடுவார், ஐந்து மணிக்கு எழுந்ததும் முதல் வேலையாகக் குத்தித் தருகிறேன் என்றார். கவுன்டர் நாலரைக்கு மூடிவிடும் என்று மூணாவது சொன்னாள். அதிகாரி முத்திரையைக் கையில் எடுத்தார். ஓங்கினார். ஓங்கிய கை ஓங்கியபடியே நின்றது.

"விடுங்க மேடம்," என்றாள் மூணாவது. "தூங்கட்டும்."

அவள் மாடியேறி, தாண்டித் தாண்டிப் போய், முப்பத்தோராம் அறை வாசலில் குறுக்கே படுத்துக்கொண்டாள். நாலரை மணிக்கு எழுத்தர் கவுன்டர் கதவைச் சத்தம் வராமல் சாத்தினார்.

ஐந்து மணிக்கு அம்மா எழுந்து வந்தாள். உடுப்பை உதறிவிட்டு, மகளைத் தாண்டாமல், பக்கத்தில் குனிந்து அவள் தலையைத் தடவினாள்.

"நல்லவேளைடி, உனக்குன்னு ஒரு ரூம் கெடைச்சுது," என்றாள்.

"ஆமாம்மா," என்றாள் மூணாவது.